மெழுகைத் தொடாதவள்

கைக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தது லேப் முதலாளி. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்துகொடுக்கும் லேப் அது. நீளமான ஓர் அறை, சுவரோரம் ஆறு மேசை, பின்னால் பிளாஸ்டர் கலக்க ஒரு தடுப்பு. தரை எப்போதும் மாவு சிந்தியது போல வெள்ளையாகக் கிடக்கும். வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லாதவர்களுக்கு மேலும் கீழும் முழு வரிசை செய்ய அவரை விட்டால் ஆள் இல்லை என்பது அந்த வட்டாரத்துப் பல் டாக்டர்கள் பதினோரு பேரின் முடிவு.

அந்த முடிவு தப்பு. பல்லை மெழுகில் அடுக்கியது அவர் மனைவி.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் காய்ச்சலில் படுத்தபோது, வீட்டு மேசையில் பாதியில் நின்றுபோன ஒரு செட்டை அவள் முடித்துக்கொடுத்தாள். அதற்கு முன் அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறாள், அவ்வளவுதான் பழக்கம். அதை வாங்கிப் போன டாக்டர் மறுநாள் முதலாளிக்குப் போன் செய்து, செட்டைப் போட்டுக்கொண்ட ஆள் கையில் இருந்த கண்ணாடியைத் திருப்பித் தரவே மாட்டேன் என்கிறார் என்று சொன்னார். அடுத்த வாரம் கைக்காரர் இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு எல்லாமே வீட்டுக்கு வந்தன. லேபில் ஒரே சத்தம், கவனம் நிற்கவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவைத்தார். சாயங்காலம் டப்பாவில் வரும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் அவள் செய்வாள். அதற்கு மறுநாள் காலை அதே டப்பாவில் லேபுக்குப் போகும்.

பல் அட்டையில் வரிசையாக ஒட்டி வரும். அதை எடுத்து நேராக அடுக்க யாராலும் முடியும். அப்படி அடுக்கினால் வாயைத் திறந்ததும் ஆள் மறைந்து பல்தான் தெரியும். அவள் ஆளின் பழைய போட்டோ ஒன்றைக் கேட்பாள். டாக்டர் மூலம் அது வரும். கல்யாணப் படமோ, வேலைக்குச் சேர்ந்த அடையாள அட்டையோ, சிரித்த முகமாக இருந்தால் போதும். அரை நாள் அதையே பார்த்துவிட்டு, ஒரு முன்பல்லை அரிசி முனையளவு திருப்பிவைப்பாள். இன்னொன்றைக் கொஞ்சம் கீழே இறக்குவாள். ஸ்பிரிட் விளக்கில் சின்னக் கத்தியைக் காட்டி, ரோஸ் நிற மெழுகை உருக்கி, ஈறை ஏற்ற இறக்கமாகச் செதுக்குவாள். "அவங்கவங்க கோணல் அவங்கவங்களுக்கு வேணும்" என்று ஒரு தடவை மகளிடம் சொன்னாள். அதற்கு மேல் அந்த வேலையைப் பற்றி அவள் பேசியதில்லை.

கைக்காரருக்கு வேலை தெரியாது என்று அர்த்தமில்லை. பிளாஸ்டர் ஊற்றுவது, மெழுகைக் கொதிநீரில் கரைத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிற ரெசின் பிசினை அடைப்பது, வேகவைப்பது, அராவுவது எல்லாம் அவர்தான். ஒரு குமிழி இருக்காது. ஒரு விளிம்பு குத்தாது. அதில் அவர் கெட்டிக்காரர். அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

வெளிநாட்டுக்குப் போன ஒரு நோயாளியின் செட் அங்கே கீழே விழுந்து விரிசல் விட்டது. அதை ஒட்ட வாங்கிய அந்த ஊர் லேப்காரர், இதைச் செய்தது யார் என்று விசாரித்து முதலாளிக்கு எழுதினார். இரண்டு மூன்று போன் பேச்சுக்குப் பிறகு, கைக்காரரைத் தன் லேபுக்கு எடுத்துக்கொள்ள வேலை விசாவுக்கு விண்ணப்பம் போட்டார். மனைவியும் மகளும் கூடவே போகலாம். விண்ணப்பத்தில் வேலையின் பெயர் முழு செட் அடுக்கும் நிபுணர். ஐந்து வருட அனுபவம் இருப்பதாகப் பழைய முதலாளி எழுதித் தர வேண்டும். முதலாளி எழுதிக்கொடுத்தார். மனுஷன் வரிக்கு வரி யோசித்து எழுதுகிறவர். பாராட்டாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: பல் அடுக்கும் வேலையை இவர் கவனம் கருதி எப்போதும் தன் வீட்டில் வைத்தே செய்துமுடிப்பார்.

அந்த வரிதான் மாட்டியது. விசா அலுவலகத்திலிருந்து கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. வேலை வீட்டில் நடந்ததென்றால், இவர்தான் செய்தார் என்பதைக் கண்ணால் பார்த்தவர் யார்? அவருடைய உறுதிமொழி வேண்டும். முப்பது நாள் தவணை.

லேபில் யாரும் பார்த்ததில்லை. வீட்டில் பார்த்தவர்கள் இரண்டு பேர். மகளுக்குப் பதினாலு வயது. ஆகவே வெளிநாட்டு லேபின் வக்கீல் அலுவலகம் மனைவியின் பெயரில் ஓர் உறுதிமொழியைத் தயாரித்துப் போனுக்கு அனுப்பிவைத்தது.

அது வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். வெயில் காலத்தில் மெழுகு இளகிப் பல் நகர்ந்துவிடும் என்பதால், மேசைமேல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் செட்டை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள் அவள். இரண்டு கட்டை விரலிலும் மெழுகு. அதனால் மகளைப் படிக்கச் சொன்னாள். கைக்காரர் தொட்டியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"'நான் மேற்படி நபரின் மனைவி.' மேற்படி நபர்னா அப்பாம்மா" என்றாள் மகள்.

"தெரியுது, படி."

"'எங்கள் சமையலறை மேசையில் அவர் பற்களை அடுக்குவதையும் ஈறு செதுக்குவதையும் ஒன்பது ஆண்டுகளாக என் கண்ணால் பார்த்து வருகிறேன். அந்த வேலையை நானோ வேறு யாருமோ செய்ததில்லை. மெழுகையோ கருவிகளையோ நான் ஒருபோதும் தொட்டதில்லை.'"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் கையைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்திக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத யாரு எழுதினா?" என்றாள் மனைவி.

"வக்கீல் ஆபீஸ்ல."

"அவங்களுக்கு இப்படின்னு யாரு சொன்னா?"

அவர் குழாயை மூடினார். "நான்தான்."

பார்த்தேன் என்று மட்டும் போட்டால் போதாதா, தொட்டதே இல்லை என்று எதற்கு என்று கேட்டாள். வீட்டில் வேறு யாராவது செய்திருக்கலாம் என்று அவர்கள் சந்தேகப்படுகிறார்களாம் என்றார்.

"சரியாத்தானே சந்தேகப்படுறாங்க."

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அங்கே போனால் மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம், மகள் படிப்பு, அந்த லேபில் ஏசி, என்று ஏற்கெனவே நூறு தடவை சொன்னதைத் திரும்பச் சொன்னார். எல்லாம் சரியாக நடந்தபிறகு அங்கேயும் அவளே செய்யலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார். அவள் ஒரு பல்லைச் சரியாக உட்காரவைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"என் பேருல போட முடியுமான்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் முடியாதும்மா. ஒரு பதிவேட்டுல உன் பேரு இருக்கணும், சம்பளச் சீட்டு இருக்கணும். ஒண்ணும் கெடையாதே."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை நோட்டரி வக்கீலிடம் போனார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரே அறை. நோட்டரி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் கேட்பதைக் கேட்டார். படித்தீர்களா? படித்துக் காட்டினார்கள் என்றாள். இதில் இருப்பதெல்லாம் உண்மையா? அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மைதாங்க."

கையெழுத்துப் போடும்போது நோட்டரி அவள் நகத்தைக் கவனித்தார். "என்னம்மா அது ரோஸ் கலர்ல, மருதாணியா?"

"மெழுகுங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. "நேத்து கரண்ட் போயிடுச்சு. மெழுகுவர்த்தி ஏத்தினேன்."

நோட்டரி சிரித்து, ரோஸ் கலரில்கூட இப்போது வருகிறதா என்று கேட்டபடியே முத்திரையைக் குத்தினார். கைக்காரருக்குக் காது சுட்டது. ஒன்பது வருடத்தில் அவர் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு சின்னப் பொய் அளவுக்கு அவரைச் சுட்டதில்லை. இதை அவள் தானாகவே, அவருக்காக, யோசிக்காமல் சொல்லியிருந்தாள்.

வரும் வழியிலேயே கூரியரில் போட்டார். அவள் வெளியே வெயிலில் நின்றாள்.

அன்று சாயங்காலம் வந்த டப்பா ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மாவுடையது. கூடவே ஒரு போட்டோ. வார்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற இளம் பெண், முன்பல் இரண்டும் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி. செவ்வாய் முழுக்கப் போயிற்று. புதன் காலை டப்பாவைத் திறந்தால் பல் அட்டைகூடப் பிரிக்கப்படவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன். தொட்டதில்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

"அது காகிதத்துக்குத்தாம்மா."

"நான் இதுவரைக்கும் காகிதத்துல பொய் சொன்னதில்ல. ஒரு தடவ சொல்லியாச்சு. இனிமே தொடாம இருந்தா பாதியாவது உண்மையாகட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் டிபன் டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டே சொன்னாள்.

இரண்டு நாள் தவணை கேட்டு, அவரே உட்கார்ந்தார். வாய்போலத் திறந்து மூடும் அந்த இரும்புக் கருவியில் அச்சைப் பொருத்தி, மெழுகில் பல்லை நட்டார். அவள் அவரைச் சுற்றி வேலை செய்தாள். மேசையைத் துடைக்க வேண்டியபோது விளக்கை நகர்த்திவிட்டுத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். அவர் போட்டோவைப் பார்த்தார். அதில் ஒரு பெண் இருந்தாள், அவ்வளவுதான் தெரிந்தது. பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரிந்தது. அப்படியே ஏற்றிவைத்தால் பல் விழப்போவது போல இருந்தது. நேராக்கினார். மறுபடி திருப்பினார். கடைசியில் நேராகவே விட்டார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தம்மா கடையில வாங்கினாங்களாப்பா?" என்றாள். அடுப்படியில் நின்ற அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒரு முறை அசைந்தது. சிரித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

வைத்துப் பார்ப்பதற்காக டாக்டரிடம் போன செட் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. லேபில் அராவும் மெஷினில் உட்காரும் பாலிஷ் அக்காதான் பார்சலைப் பிரித்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

"என்ன தம்பி, விசா வர்றதுக்கு முன்னாலயே கை மட்டும் ஃபிளைட் ஏறிடுச்சா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். கைக்காரரும் சிரித்தார். முதலாளி மட்டும் அதை வாங்கிக்கொண்டு தன் சின்ன அறைக்குள் போய், அவரைக் கூப்பிட்டார்.

நர்ஸம்மா கண்ணாடியில் பார்த்ததும் கழற்றிவிடச் சொல்லிவிட்டதாம். நாற்பது வருடம் வேலை பார்த்த மனுஷி, யார்மேலும் குறை சொல்லாதது, யாரோ மாதிரி இருக்கேன் டாக்டர் என்று ஒரு வார்த்தைதான் சொல்லியதாம். இதையெல்லாம் முதலாளி மெதுவாகச் சொன்னார். பிறகு செட்டை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"இத யாருப்பா செஞ்சது?"

"நான்தான் சார்."

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன முதல் உண்மை அது.

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"அப்ப மத்ததெல்லாம்?"

வெளியே பாலிஷ் மெஷின் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"வீட்டுல அந்தம்மாவா?"

அவர் தலையசைத்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தார். முதலாளி திட்டவில்லை. தன் கையெழுத்தைப் பற்றியே பேசினார். இவர்தான் செய்வார் என்று எழுதிக்கொடுத்தேனே, என்னத்தைப் பார்த்தேன், டப்பா போவதையும் டப்பா வருவதையும்தானே பார்த்தேன் என்றார். மூன்று நாலு தடவை அந்தம்மா இங்கே சாப்பாடு கொண்டுவந்திருக்கிறது, வாசலோடு வாங்கி அனுப்பியிருக்கிறேன், உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார். எழுதியதைத் திருப்பி வாங்கப் போவதில்லை, வாங்கினால் ஒரு குடும்பத்தின் வாய்ப்பில் மண் விழும், வாங்காவிட்டால் நான் இப்படியே இருக்க வேண்டியதுதான் என்றார். கடைசியில், "நர்ஸம்மாவுக்கு வெள்ளிக்கிழமை செட் போகணும். அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவங்களுக்கு மெல்லணும், அவ்வளவுதான்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

கைக்காரர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனியாகச் சாப்பிடும்போது அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவாள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. செட்டை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். முதலாளிக்குத் தெரிந்துவிட்டது என்பதை மட்டும் கடைசியில் சொன்னார்.

"யாரு சொன்னா?"

"அவரே கண்டுபிடிச்சிட்டாரு."

"நீங்க சொல்லல."

"இல்ல."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து செட்டை எடுத்தாள். மெழுகைத் தொடாமல், அடிப்பாகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போட்டோவைப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய அந்தப் பார்வையை அவர் ஒன்பது வருடமாகப் பார்த்துப் பழகியிருந்தார். இப்போது கேட்டால் செய்துவிடுவாள் என்று தோன்றியது. வெட்கத்தைவிட்டுக் கேட்டார். இந்த ஒன்றை மட்டும் செய்துகொடு, அந்தம்மாவுக்காக.

"செய்யறேன்" என்றாள். "இங்க வேணாம். லேப்ல, உங்க மேசையில உக்காந்து செய்யறேன்."

"அங்க எல்லாரும் இருப்பாங்கம்மா."

"அதான் சொல்றேன். ஒன்பது வருஷமா லீவு நாள்ல இந்த வீட்டுக்கு ஆள் வந்தா நான் கத்திய வெச்சிட்டு எழுந்திரிச்சு டீ போடப் போனேன். நீங்க வந்து அந்த நாற்காலியில உக்காந்தீங்க. நான் ஒண்ணும் சொல்லல. யாரும் இல்லாதப்பவாவது, நம்ம ரெண்டு பேர் மட்டும் இருக்கறப்பவாவது, நீதான் செய்யறேன்னு ஒரு தடவ சொல்லியிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லை. 'நம்ம வேலை' என்று சொல்லியிருக்கிறார். அது போதும் என்று நினைத்திருந்தார். இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அவள் கேட்டு வாங்கியது போல ஆகிவிடும் என்று மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை இருவரும் பஸ்ஸில் போனார்கள். மழை வரும்போல மூடியிருந்தது. கத்தியும் பொடிக் கருவிகளும் அவள் கைப்பையில் ஒரு பழைய துணியில் சுற்றியிருந்தன. லேப் வாசலில் பாலிஷ் அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. "வாம்மா, என்ன காலையிலயே? தம்பிக்குச் சாப்பாடு மறந்துபோச்சா?" என்றது.

கைக்காரர் முந்திக்கொண்டார். "சும்மா, லேப்பப் பாக்கணும்னா."

மனைவி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே போய், அவருடைய மேசை எது என்று கேட்டு, ஜன்னலுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தாள். விளக்கைப் பற்றவைத்தாள். நேராக நின்ற பற்களைச் சூடான கத்தியால் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். முதலில் மற்ற மேசைகளில் பேச்சு நடந்தது. முன்பல் இரண்டையும் வைத்து, ஒன்றின் தோளில் இன்னொன்றைச் சாய்த்து, அது விழப்போவது போல இல்லாமல் அங்கேயே பிறந்தது போல அவள் நிறுத்தியபோது, பேச்சு நின்றிருந்தது. பாலிஷ் அக்கா மெஷினை அணைத்துவிட்டு எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. அது பதினைந்து வருடம் ஆயிரக்கணக்கான செட்டை விரலால் தடவிப் பார்த்த ஆள். அந்த ஈறு செதுக்கலைப் பார்த்ததும் அதற்குத் தெரிந்துவிட்டது. கைக்காரரைத் திரும்பிப் பார்த்தது. கிண்டல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவர் பிளாஸ்டர் தடுப்புப் பக்கம் போய் நின்றார். செய்ய வேலை இருந்தது. செய்ய முடியவில்லை.

பதினோரு மணிக்கு முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தினமும் வந்துவிடு அம்மா, இந்த மேசை உன்னுடையது, விசா வருகிறவரைக்கும் வா, வராவிட்டாலும் வா என்றார். அவள் தலையாட்டினாள். அவர் அலமாரியிலிருந்து ஊழியர் பதிவேட்டை எடுத்துவந்து அவள் பெயரைக் கேட்டு எழுதினார். வேலை என்ற கட்டத்தில் முழு செட் அடுக்குதல் என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. அது வேலைக்குச் சேர்ந்த தேதி.

அவர் அவளைக் கேட்கவில்லை. அறையின் அந்தக் கோடியில் நின்ற கைக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லுப்பா. இன்னிக்குத் தேதி போடட்டுமா, ஒன்பது வருஷத்துக்கு முந்தின தேதி போடட்டுமா?"

ஆறு மேசையும் அவரைப் பார்த்தன. பழைய தேதி போட்டால் விசாவுக்குக் கொடுத்த காகிதமெல்லாம் கிழியும் என்பது முதலாளிக்கும் அவருக்கும் அவளுக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தேதி என்னவென்று மட்டும் தெரிந்தால் போதும்போல இருந்தது. முதலாளி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். எதைச் சொன்னாலும் எழுதிவிடுவார் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. ஆனால் கத்தி மெழுகில் படாமல் நின்றிருந்தது.

"இன்னிக்குத் தேதியே போடுங்க சார்" என்றார் கைக்காரர்.

முதலாளி எழுதினார். ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவள் செட்டை இன்னும் கொஞ்சம் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பாலிஷ் அக்காவிடம் சொல்லிவிட்டு, அடுத்த பல்லை எடுத்தாள்.